பம்ப் ஏன் கத்துகிறது?

நம் ஹைட்ராலிக்ஸ் பாடத்தில் சக்‌ஷன் ஹெட் என்று ஒரு பகுதி வரும். பரீட்சைக்கு முந்தின ராத்திரி மனப்பாடம் பண்ணி, எழுதி முடித்ததும் மறந்துவிடுகிற பகுதி. அதே பாடம் ஒரு காரின் பெட்ரோல் டேங்குக்குள் ஒளிந்திருப்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நம் நாட்டில் டர்போ பெட்ரோல் கார்கள் புதிதல்ல. 2004-இல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ்., 2013-இல் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ., 2017-இல் பலேனோ ஆர்.எஸ். என்று வரிசையாக வந்தன. இப்படிப்பட்ட கார்களைச் செகண்ட் ஹேண்டில் வாங்குகிற இளைஞர்கள் சிலர் சும்மா இருப்பதில்லை, பூஸ்டை ஏற்றுகிறார்கள். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். கம்பெனி பம்ப் போதாது என்று வெளியே விற்கிற பெரிய பம்பை வாங்கி டேங்கில் இறக்குகிறார்கள். (வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இடம் தராது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்வோம்.)

லீவு நாட்களில் நான் போகிற கள்ளக்குறிச்சி ஒர்க்‌ஷாப்புக்கு அப்படி ஒரு கார் வந்தது. கச்சிராயபாளையம் வரை சமதளத்தில் பின் சீட்டுக்கு அடியில் வெறும் ரீங்காரம். கல்வராயன் மலை ஏற்றத்தில் வெள்ளிமலை நோக்கித் திரும்பினால் அதுவே கரகரவென்று, ஜல்லியை அரைப்பது போலச் சத்தம். இழுவையும் விட்டுப் போகிறது. கீழே இறங்கினால் சரியாகிவிடுகிறது. ஏற்கெனவே வேறு இடத்தில் பம்பை ஒரு தடவை மாற்றியாகிவிட்டது. மூன்றாவது பம்ப் பெட்டியோடு சீட்டில் கிடந்தது. "இதையும் போட்டுடுங்கண்ணே" என்றார் வண்டிக்காரர். மெக்கானிக் அண்ணன் பெட்டியைத் தொடவே இல்லை. "மொதல்ல அது எதுக்குக் கத்துதுன்னு கேப்போம்" என்றார்.

சத்தம் எல்லாம் நோய் அல்ல. கம்பெனி பம்புகள் பெரும்பாலும் டர்பைன் வகை, வழுவழுப்பாகத் தள்ளும். வெளியே விற்கிற பெரிய பம்புகளில் பல ஜிரோட்டர் வகை. பல் பல்லாக, துடிப்புத் துடிப்பாகத் தள்ளும். அதற்கு ஒரு ரீங்காரம் பிறவியிலேயே உண்டு. ஏற்றத்தில் வரும் கரகரப்பு வேறு விஷயம். டர்போ எஞ்சினில் பூஸ்ட் ஏறும் நேரத்தில் பெட்ரோல் குறைந்தால் கலவை மெலிந்து, டெட்டனேஷன் வந்து, பிஸ்டன் உருகிவிடும். எஞ்சினே போய்விடும் நண்பர்களே!

முதலில் கரண்ட். எஞ்சினை ஓடவிட்டு மல்டிமீட்டர் வைத்தோம். பேட்டரியில் 13.8 வோல்ட். பம்ப் கனெக்டரில் 11.3 தான். இடையில் 2.5 வோல்ட் காணோம்! பெரிய பம்ப் 10 ஆம்பியர் இழுக்கிறது. பழைய மெல்லிய வயரும் துருப்பிடித்த எர்த்தும் சேர்ந்து கால் ஓம் தடை இருந்தால் போதும். பத்தைக் காலால் பெருக்குங்கள், அதே இரண்டரை வருகிறது. முதல் செமஸ்டர் ஓம் விதிதான். தனி ரிலே, ஃபியூஸ், தடித்த வயர், புது எர்த் கொடுத்ததும் கனெக்டரில் 13.4 வந்தது.

ஆனால் சத்தம் குறையவில்லை, கூடிவிட்டது! வண்டிக்காரர் முகம் வாடிப்போயிற்று. அண்ணன் சிரித்தார். பம்ப் இப்போது வேகமாகச் சுற்றுகிறது. இன்னும் பலமாக உறிஞ்சப் பார்க்கிறது. உறிஞ்சுகிற பக்கத்தில் ஏதோ தடுக்கிறது.

எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் படியேறிய முதல் ஆள் நான். அப்பா பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை. ஆனால் கிணற்று மோட்டார் சத்தம் மாறினால் வரப்பில் நின்றபடியே, "ஃபுட் வால்வுல சருகு அடைச்சிருக்குடா" என்பார். போய்ப் பார்த்தால் அப்படியே இருக்கும். அதற்குப் புத்தகத்தில் பெயர் கேவிட்டேஷன். உறிஞ்சும் வாயில் அழுத்தம் ரொம்பக் குறைந்தால் திரவம் சூடேறாமலே கொதித்துக் குமிழியாகும். அழுத்தம் உள்ள இடத்துக்கு வந்ததும் குமிழிகள் படபடவென்று உடையும். அந்த ஓசைதான் ஜல்லி அரைக்கிற ஓசை. 1894-இல் பார்சன்ஸ் கட்டிய டர்பினியா கப்பலின் புரொப்பெல்லரும் இதே தொல்லையில்தான் முதலில் வேகம் எடுக்காமல் தவித்தது. பெட்ரோல் தண்ணீரைவிட மிகச் சுலபமாகக் கொதிக்கிற சரக்கு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மலையில் மட்டும் ஏன்? கல்வராயன் மலை ஏறத்தாழ 2,000 முதல் 3,000 அடி உயரம். 3,000 அடியில் காற்றழுத்தம் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. ஏற்றத்தில் டேங்கிலுள்ள பெட்ரோல் பின்பக்கம் சாய்ந்து பம்பின் வாயை விட்டு விலகுகிறது. மூன்றாவது காரணம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. மணிக்கு 255 லிட்டர் தள்ளும் பம்ப் என்று வைத்துக்கொள்வோம். ஐடிலில் எஞ்சின் குடிப்பது மணிக்குச் சுமார் 1 லிட்டர். மீதி எல்லாம் ரிட்டர்ன் பைப் வழியாகத் திரும்ப டேங்குக்கே வருகிறது. டேங்கில் 10 லிட்டர்தான் இருந்தால், இரண்டரை நிமிஷத்துக்கு ஒரு முறை மொத்தப் பெட்ரோலும் ஒரு சுற்றுச் சுற்றி வருகிறது; எஞ்சின் சூட்டையும் பம்ப் சூட்டையும் வாங்கிக்கொண்டு வருகிறது.

அதனால் பிரஷர் கேஜ் மாட்டி மலைக்கே போனோம். கேஜ் முன் கண்ணாடிக்கு வெளியேதான் இருக்க வேண்டும். பெட்ரோல் ஹோஸை வண்டிக்குள்ளே இழுக்கவே கூடாது. ஐடிலில் ரெகுலேட்டரின் வேக்கம் குழாயைக் கழற்றிப் பார்த்தால் சரியாக 3 பார். ரிட்டர்ன் பைப் குறுகலாக இருந்திருந்தால் இங்கேயே கூடுதலாகக் காட்டியிருக்கும். ஆக, அந்தப் பக்கம் குற்றமில்லை. பூஸ்ட் 0.8 பார் ஏறும்போது பெட்ரோலும் அதே அளவு ஏறி 3.8 காட்ட வேண்டும். ஏற்றத்தில் 3.2-ஐத் தாண்டவில்லை. கரகரப்பும் கூடவே வந்தது. உடனே ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டோம். திரும்பி வந்து டேங்கை நிரப்பி மறுபடி ஏறினோம். கரகரப்பு இல்லை! சந்தேகம் தீர்ந்தது, கோளாறு உறிஞ்சும் பக்கம்தான்.

பிறகுதான் டேங்கைத் திறந்தோம். முதலில் பம்ப் ஃபியூஸை எடுத்து, எஞ்சின் தானே நிற்கும்வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்கி, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, காற்றோட்டமான இடத்தில், தீயணைப்பான் பக்கத்தில் வைத்து. இதில் அவசரப்படுகிறவர்கள் நம் தொழிலுக்கு வேண்டாம். உள்ளே பார்த்தால், புதுப் பம்ப் பழையதைவிட நீளம். அதனால் அடியிலுள்ள வலை ஃபில்டர் டேங்கின் தரையில் மோதி, மடித்த கைக்குட்டை போல ஒட்டிக் கிடந்தது. ஏற்றத்தில் பெட்ரோலைத் தேக்கி வைக்கிற கிண்ணத்துக்கு வெளியே வேறு தள்ளி நின்றது. பம்புக்கு மூச்சுவிட இடமே இல்லை. இரண்டாவதாக வந்த பம்பையும் அதே இடத்தில் அதே மாதிரி மாட்டியிருந்தால், அது மட்டும் எப்படிச் சும்மா இருக்கும்?

பிராக்கெட்டைச் சரிசெய்து பம்பைக் கிண்ணத்துக்குள் உட்கார வைத்து, வலையை விரித்துப் போட்டோம். டேங்குக்குள் இருந்த சாதாரண ரப்பர் ஹோஸ் உப்பி மெதுவாகியிருந்தது. இப்போது வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். கரும்பு விளைகிற ஊர்க்காரர்களான நமக்கு எத்தனால் தெரியும், ஆனால் சாதாரண ரப்பருக்கு அது ஆகாது. பெட்ரோலுக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கத் தகுந்த தனி ஹோஸ் உண்டு. அதைத்தான் போட வேண்டும். முன்பு மாட்டியவர்கள் விட்டுவிட்ட ரப்பர் உறையையும் பம்பைச் சுற்றிப் போட்டோம்.

கால் டேங்க் பெட்ரோலோடு வெள்ளிமலை வரை ஏறிப் பார்த்தோம். கேஜ் 3.8. கரகரப்பு இல்லை. சமதளத்தில், ரேடியோவை அணைத்தால் மட்டும் ஒரு மெல்லிய ரீங்காரம் கேட்கிறது. அது ஜிரோட்டரின் சொந்தக் குரல். மூன்றாவது பம்ப் பெட்டி பிரிக்காமலே கடைக்குத் திரும்பிப் போனது.