தெளிந்த எக்ஸ்ரேயும் தேறாத நோயாளியும்

நுரையீரல் காசநோய் என்றதும் எக்ஸ்ரேயில் குழியையும், சாயமேற்றிய சளியில் நுண்ணோக்கி வழியே தெரியும் செந்நிறக் கோல்வடிவக் கிருமிகளையும் தேடுவது மருத்துவத்தில் நெடுநாளைய வழக்கம். ஆயினும் நுரையீரலில் அந்தக் குழி பறிப்பது கிருமி மட்டுமன்று; கிருமியை எதிர்க்கும் தற்காப்பு அணுக்கள் மூட்டுகிற அழற்சிக்கும் அதில் பெரும்பங்கு உண்டு என்பதையும், எச்.ஐ.வி. அழிப்பது அந்தத் தற்காப்பையே என்பதையும் சேர்த்து நோக்கினால்தான், எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் நுரையீரல் நோயைக் கண்டறிவதிலுள்ள சிக்கல் விளங்கும்.

தற்காப்பை வழிநடத்தும் சிடி4 என்னும் வெள்ளணுக்கள், நலமாக உள்ளவரின் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் பொதுவாக 500-க்கு மேல் இருக்கும். அவை 200-க்கும் கீழே இறங்கியவரிடம் குழி விழுவது குறைவு, எனவே சளியில் வெளிவரும் கிருமிகளும் சொற்பமே. ஒரு மில்லிலிட்டர் சளியில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் நுண்ணோக்கியில் அவை சிக்கும் என்பதால், நோய் முற்றிய நிலையிலும் முடிவு ‘கிருமி இல்லை’ என்றே வரக்கூடும். கையில் ஊசி போட்டுத் தடிப்பை அளக்கும் மாண்டூ சோதனையும், தடிப்பை எழுப்ப வேண்டிய அணுக்களே அருகிவிட்டதால், பொய்த்துப்போகிறது. சிலருக்கு எக்ஸ்ரேகூட மாசற்றுத் தெரியும்.

ஆகவே உடலின் எதிர்வினையை நம்பாமல், கிருமியின் தடயத்தையே நேரடியாகத் தேடும் சோதனைகள் தேவைப்பட்டன. 2010-இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட ஜீன்எக்ஸ்பெர்ட் கருவி, கிருமியின் மரபணுத் துணுக்கைப் பன்மடங்காகப் பெருக்கி, ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது கட்டுப்படுமா என்பதையும் சேர்த்து, ஏறத்தாழ 2 மணி நேரத்தில் சொல்லிவிடும். ஆனால் சளியையே துப்ப இயலாத அளவுக்கு நலிந்தவருக்கு என்ன செய்வது? கிருமியின் மேலுறையிலுள்ள ‘லாம்’ என்னும் கொழுப்புச் சர்க்கரைப் பொருள் சிறுநீரிலும் கலந்து வருகிறது. அந்தச் சிறுநீரில் ஓரிரு துளியைச் சோதனைப் பட்டையில் விட்டு, 25 நிமிடம் காத்திருந்து, தோன்றும் மங்கிய கோட்டை மாதிரி அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். மற்றச் சோதனைகள் கைவிடுகிற, மிகவும் நலிந்த நோயாளியிடம்தான் இது நன்றாகப் பேசும் என்பது விந்தை; கோடு தோன்றாததால் நோயில்லை என்று முடிவுகட்டிவிடவும் கூடாது.

வருகிற இருமலெல்லாம் காசநோயும் அன்று. 1981 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸ் இளைஞர் ஐவரிடம் பதிவாகி, எய்ட்ஸ் பற்றிய முதல் அறிக்கைக்குக் காரணமான நிமோசிஸ்டிஸ் நிமோனியா ஒரு பூஞ்சையால் வருவது. வழக்கமான கிருமி வளர்ப்புச் சோதனையில் அது வளராது. வறட்டு இருமலோடு வருபவருக்கு உட்கார்ந்திருக்கையில் ஆக்ஸிஜன் அளவு சீராகவே இருக்கலாம். விரலில் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை மாட்டிச் சிறிது தூரம் நடக்கவிட்டால் எண் சரசரவென்று இறங்கும். உப்புநீர் ஆவியைச் சுவாசிக்கச் செய்து வரவழைத்த சளியிலோ, மூச்சுக்குழாய்க்குள் குழல் செலுத்திக் கழுவி எடுத்த நீரிலோ பூஞ்சையைத் தேடுகிறார்கள். நிலை மோசமாயின் முடிவு வரும்வரை காத்திராமல் மருந்தைத் தொடங்கிவிடுகிறார்கள்.

குழப்பம் அத்தோடு ஓய்வதில்லை. எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து தொடங்கிய சில வாரங்களில் தற்காப்பு மீண்டெழுந்து, உள்ளே பதுங்கியிருந்த கிருமியின்மீது பாயும்போது, அதுவரை தெளிவாக இருந்த எக்ஸ்ரேயில் வெண்படலம் படர்ந்து காய்ச்சலும் திரும்பக்கூடும். அது மீட்சியால் வந்த அழற்சியா, மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியா, புதிதாகத் தொற்றிய வேறொரு நோயா என்று மருத்துவர் மறுபடியும் முதலிலிருந்து தேட வேண்டியிருக்கிறது.