றபானுக்கு நெருப்புக் காட்டுவது ஏன்?

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். நோன்பு இரவுகளில் சஹர் சாப்பாட்டுக்கு எழுப்ப வரும் பக்கீர் பாவா, சந்தியில் நின்று காய்ந்த தென்னோலையைக் கொளுத்தி, அதன் மேல் றபானைத் திருப்பித் திருப்பிப் பிடித்ததைச் சின்ன வயதில் பார்த்தாராம். அது ஏதும் சடங்கா என்று கேட்கிறார். சடங்கு இல்லை, பாவா சுருதி கூட்டியிருக்கிறார்.

கல்முனைக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்துக்கு ஒரு தரமாவது போனவர்களுக்கு றபான் எப்படியிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை; மற்றவர்களுக்கு, அது வளையத்தில் ஆட்டுத்தோல் கட்டிய கைவாத்தியம். நெருப்புக்கே வருகிறேன்.

ஆட்டுத்தோல் காற்றில் இருக்கும் ஈரத்தை ஓயாமல் குடிக்கும். கடலோரத்தில், அதுவும் பின்னிரவில், கேட்கவே வேண்டாம். ஈரம் ஏறியதும் தோலின் நார்கள் தளர்ந்துவிடுகின்றன; கூடவே தோலின் பாரமும் கூடுகிறது. இழுவிசை குறைந்தாலும் சுருதி இறங்கும், பாரம் கூடினாலும் இறங்கும். மாரிகாலத்தில் உம்மா கொடியில் போடும் ஈரச் சாரன்கள் கயிற்றைத் தொய்ய வைத்து, காயக் காய மேலே எழ விடுவது போலத்தான் இதுவும். அனல் பட்டதும் தண்ணீர் ஆவியாகிறது, தோல் இறுகுகிறது, பாரமும் குறைகிறது.

எங்கள் ஒழுங்கையில் பாடிய பாவா இதைச் செய்யும் விதத்தைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். இடக்கையில் வளையத்தைப் பிடித்து, சுவாலைக்கு மேலே ஒரு சாண் தள்ளி, ஓரிடத்திலும் நிறுத்தாமல் சுழற்றுவார். நடுநடுவே விளிம்பில் ஒரு விரலால் தட்டி, காதைக் கிட்டக் கொண்டுபோவார். முதலில் ‘தொப்’ என்று ஊமையாக விழும். பிறகு மெல்ல மெல்லத் தெளியும். விளிம்பைச் சுற்றி எங்கே தட்டினாலும் ஒரே சத்தம் வந்த பிறகுதான் வாயைத் திறப்பார். அவசரப்பட்டுக் கிட்டக் கொண்டுபோனால் தோல் கெட்டுவிடும். ஈரத்தோல் ஏறத்தாழ 60 பாகை செல்சியஸைத் தாண்டினால் அதிலுள்ள கொலாஜன் சுருண்டுகொள்ளும். பிறகு அது பழைய நிலைக்குத் திரும்பாது. வெப்பமானி இல்லாமல் அந்த எல்லையைப் புறங்கையின் சூட்டில் அறிந்து வைத்திருந்த மனிதர் அவர்.

சிங்களக் கிராமங்களில் புத்தாண்டுக்குப் பெண்கள் சுற்றியிருந்து அடிக்கும் பெரிய ரபானுக்கும் இதே வைத்தியம்தான். அதற்கு அடியில் தணல் வைப்பார்கள்.

எனக்கு ஆகப் பிடித்த விசயம் இனிமேல்தான் வருகிறது. றபானின் நெருங்கிய சொந்தம் கர்நாடகக் கச்சேரியில் வரும் கஞ்சிரா. புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையால் மேடையேறிய வாத்தியம். அதை வாசிப்பவர் தோலுக்கு நெருப்புக் காட்டுவதில்லை. உட்பக்கத்தில் தண்ணீர் தடவுவார்! வளையத்தில் தோல் கட்டிய அமைப்பு இரண்டுக்கும் ஒன்றே, வேலைதான் வேறு. கஞ்சிராவுக்கு மிருதங்கத்தோடு பேச ஆழமான கும்காரம் வேண்டும், அதனால் தோல் தளர வேண்டும். றபானுக்கு மூன்று மணிக்குப் பூட்டிய கதவுக்குள் தூங்குகிறவனை எழுப்ப வேண்டும், அதனால் தோல் இறுக வேண்டும்.

மிருதங்கத்தைத் தொட்டதால் இயற்பியலாளர் சி. வி. ராமனையும் தொட வேண்டும். சாதாரணத் தோல் வட்டத்தைத் தட்டினால் எழும் ஒலிகளில் அடிச்சுருதியை 1 என்று வைத்தால், அடுத்தவை 1.59, 2.14, 2.30 என்று ஒன்றோடொன்று சேராமல் போகும். மிருதங்கத்தின் வலந்தலையில் உள்ள கரணை, அதாவது நடுவில் பூசிய கறுப்பு வட்டம், அவற்றை இழுத்து 1, 2, 3 என்ற ஒழுங்குக்குக் கிட்டக் கொண்டுவருகிறது. 1920இல் ராமனும் சிவகாளி குமாரும் ‘நேச்சர்’ இதழில் இதை எழுதினார்கள். றபானில் கரணை இல்லை. அதைக் குறையென்று சொல்ல நான் சம்மதிக்க மாட்டேன். குறிப்பிட்ட சுருதி ஒன்று நிலைத்து ஒலிக்காததால் அது பாடகரின் குரலோடு மல்லுக்கு நிற்பதில்லை. இந்த வீட்டு வாசலில் மேல்சுருதியில் பாடியவர், களைத்துப்போய் அடுத்த வாசலில் இறக்கிப் பாடினாலும் அதே றபான் இசைந்துபோகும். தம்புரா இல்லாமல் நடந்துகொண்டே பாடுகிறவருக்கு இதைவிடத் தோதான வாத்தியம் எது?

அப்படி நடந்த பாட்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) பாடல்கள், கேள்வியும் பதிலுமாக நீளும் நூறு மசலா, இவற்றுக்கு நடுவே பாவா தானே கட்டிய பைத்துகள். எங்கள் பாவா வீட்டுக்காரரின் பேரைச் சேர்த்து ஓரடி கட்டிவிடுவார். அந்தக் காலை முழுக்க அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெருமை தாங்காது. பழையது எது, அவருடையது எது என்று நாங்கள் கேட்டு வைக்கவில்லை. நாங்கள் கொடுத்தது சில்லறையும் ஒரு சுண்டு அரிசியும். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 1969இலேயே அக்கரைப்பற்றுக்கு வந்து, இங்குள்ள தமிழ், முஸ்லிம் குடிகளைப் பற்றிப் பெரிய நூலே எழுதினார். பாவாமார் கூடும் ஜெய்லானி என்ற தலத்தைப் பற்றியும் எழுதினார். வாசலில் வந்து நின்றவரின் பாட்டை எழுதி வைக்க நமக்கு மட்டும் நேரம் கிடைக்கவில்லை. றபான் மார்க்கத்தில் கூடுமா கூடாதா என்று பேசுகிறவர்களும் அந்தச் சொற்களையாவது காப்பாற்றலாமே. நாகூர் தர்காப் பாடகர்களான அப்துல் கனி, அஜா மைதீன், சாபுர் மைதீன் ஆகியோரைச் சென்னையின் எர்த்சிங்க் நிறுவனம் ‘நாகூர் செஷன்ஸ்’ என்ற ஆல்பமாகப் பதிவு செய்தது. கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்றுக் குரல்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும்.

பதிவு செய்யப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: ஏசி அறைக்குள் கூப்பிடாதீர்கள். அங்கே காற்று உலர்ந்திருப்பதால் றபான் தானாகவே இறுகி, நம் தெருவில் கேட்ட சத்தத்தை விட்டு விலகிவிடும். பிளாஸ்டிக் தோல் போட்ட றபானையும் கொண்டுவரச் சொல்லாதீர்கள். அதற்கு ஈரமும் தெரியாது, நெருப்பும் தெரியாது. நோன்பு வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்து வருவதால், சில காலம் காய்ந்த கச்சான் வீசும் மாதங்களில் விழும். அப்போது தோல் தானே கணீரென்றிருக்கும். 2030இல் ஜனவரி முதல் வாரத்தில் ஒரு நோன்பும் டிசம்பர் கடைசியில் இன்னொரு நோன்பும் தொடங்கும். இரண்டும் ஈரமான வாடைக் காலம். ஓலை கொளுத்துவதைப் பார்க்க விரும்பும் வாசகி அந்த வருடம் சஹருக்குக் கொஞ்சம் முந்தியே எழும்பட்டும்.