உயர்தரம் எழுதிய பிள்ளைகளே, நோயாளியின் கட்டிலருகிலும் சற்று இருந்து பாருங்கள்

உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு உயிரியல் பிரிவுப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒரே பேச்சுத்தான்: "மெடிசின் கிடைக்குமா?" மெடிசின் பிள்ளைக்குப் பொருந்துமா என்று கேட்பவர்கள் குறைவு.

எமது நாட்டின் அரச மருத்துவ பீடங்களுக்கு மாணவர்கள் இசட் புள்ளி, மாவட்டக் கோட்டா அடிப்படையில்தான் தெரிவாகின்றனர். ஒரு நோயாளியுடன் ஒரு நாளாவது இருந்திருக்கிறாயா என்று எவரும் கேட்பதில்லை. பிரித்தானியாவில் அப்படியல்ல. அங்கு விண்ணப்பிப்பவர் முதியோர் இல்லத்திலோ வைத்தியசாலையிலோ உதவியாளராக இருந்த அனுபவத்தை நேர்முகத் தேர்வில் விளக்க வேண்டிவரும். எவ்வளவு காலம் இருந்தார் என்பதைவிட, அங்கு எதைப் புரிந்துகொண்டார் என்பதே முக்கியம்.

இங்கு கேட்கப்படாவிட்டாலும் அந்த அனுபவம் எமக்கும் அவசியம். ஐந்து வருடப் படிப்பு, ஒரு வருட உள்ளகப் பயிற்சி என நீளும் பாதை இது. காணியை விற்று வெளிநாட்டுக்கு அனுப்பிய பின், "எனக்கு இது சரிவராது" என்று பிள்ளை சொன்னால் இழப்பு பணம் மட்டுமல்ல.

பரீட்சைக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் இடையில் பல மாதங்கள் கிடைக்கின்றன. முதலில் வீட்டிலிருந்தே தொடங்கலாம். உம்மும்மாவை கிளினிக்குக் கூட்டிச் செல்லுங்கள். வரிசையில் காத்திருங்கள். டொக்டர் சொன்னதில் அவருக்கு எது விளங்கவில்லை என்று கேளுங்கள். படுக்கையில் இருப்பவரைக் கழுவித் துடைக்க உதவுங்கள். செஞ்சிலுவைச் சங்கம், சென் ஜோன் அம்புலன்ஸ் ஆகியவற்றில் முதலுதவி பழகலாம். மகரகம அபேக்ஷா போன்ற வைத்தியசாலைகளுக்கு தூரத்திலிருந்து வரும் தமிழ் பேசும் நோயாளிகள் மொழி தெரியாமல் தடுமாறுவதுண்டு. சிங்களம் தெரிந்த பிள்ளை, நிர்வாகத்தின் அனுமதியுடன் அவர்களுக்குத் துணையாக நிற்கலாம்.

எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். ஊசி, மருந்து, காயம் கட்டுவது உங்கள் வேலையல்ல. நோயாளியைப் படமெடுக்காதீர்கள். அவரது நோயை ஊரில் பேசாதீர்கள்.

நோயாளியை நலம் விசாரிப்பது எம்மிடம் உள்ள நல்ல வழக்கம்தான். ஆனால் பழங்களுடன் போய் ஐந்து நிமிடத்தில் திரும்புவது வேறு. வலியில் முனகுபவருடன் இரவு முழுக்க விழித்திருப்பது வேறு. அந்த இரவுக்குப் பிறகும் டொக்டராக வேண்டும் என்று பிள்ளை சொன்னால் அந்த ஆசையை நம்பலாம். வேண்டாம் என்று சொன்னால் பெற்றோர் கோபிக்க வேண்டாம். மருந்தாளர், இயன்மருத்துவர், ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் எல்லோரும் நோயாளிக்குத் தேவையானவர்களே.