வெளியில கீறல் இல்ல, உள்ளே?

பைக்ல விழுறோம், ஹேண்டில்பார் முனை வயித்துல குத்துது. தூசி தட்டிட்டு, "ஒண்ணும் ஆகல மச்சான்"னு கிளம்பிடுறோம். இன்னைக்கு அந்த "ஒண்ணும் ஆகல" பத்திதான்.

நெஞ்சுக்கு விலா எலும்புக் கூடு இருக்கு. அடி விழுந்தா கொஞ்சம் வளைஞ்சு வேகத்தை வாங்கிக்கும். சின்ன வயசுல விலா நல்லா வளையும். அதனால எலும்பு உடையாமலே நுரையீரல் கன்றிப்போகலாம்.

வயித்துக்கு முன்பக்கம் அந்தக் கூடு கிடையாது. அடி சின்ன இடத்துல குவிஞ்சா, கணையம் முதுகெலும்போட நசுங்கலாம். கல்லீரல், மண்ணீரல் கிழியலாம். எவ்வளவு அமுங்குச்சுங்கிறது மட்டுமில்ல, எவ்வளவு வேகமா அமுங்குச்சுங்கிறதும் முக்கியம். மெதுவா அமுங்கினா உறுப்பு விலகிக் கொடுக்கும். சட்டுனு அமுங்கினா கிழியும்.

மண்ணீரல் ரத்தம் நிறைஞ்ச உறுப்பு. உறைக்குள்ளேயே கசிஞ்சு, சில நாள் கழிச்சு வெடிக்கவும் வாய்ப்பிருக்கு. கசியுற ரத்தம் உதரவிதானத்தை உறுத்தினா இடது தோள் வலிக்கும். தோள்ல அடியே பட்டிருக்காது!

வயித்துவலி கூடுதா, தலை சுத்துதா, முகம் வெளிறுதா, தோள் வலிக்குதா? "காலையில பார்த்துக்கலாம்"னு படுக்காதீங்க. உடனே எமர்ஜென்சிக்குப் போங்க. நாலு நாள் முன்னாடி விழுந்திருந்தாலும், "வயித்துல அடிபட்டுச்சு"ன்னு முதல்லயே சொல்லிடுங்க.