ஏற்றமும் இறக்கமும்

நுழையும்முன்

ஊர்தி விரைந்து ஓட வேண்டும் என்று எல்லாரும் விரும்புகின்றனர். அது வேண்டிய இடத்தில் நிற்கவும் வேண்டும் என்பதை மலைப்பாதை உணர்த்துகிறது. நாள்தோறும் ஓடும் ஒரு பழைய ஜீப்பைச் சீரமைக்கும்போது எதை முதலில் செய்வது, எதைப் பின்னர்ச் செய்வது, எதைச் செய்யாமலே விடுவது? இவ்வினாக்களுக்கு அறிவியல் தரும் விடைகளை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மலையகத்தின் ஊர்தி

தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர், கம்பம் பகுதிகளிலிருந்து ஏலத்தோட்டத் தொழிலாளர்கள் நாள்தோறும் ஜீப்புகளில் மலையேறுகின்றனர். போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக இடுக்கி மாவட்டத் தோட்டங்களுக்குச் சென்று மாலையில் அதே ஊர்திகளில் இறங்கி வருகின்றனர். 7,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்த கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு, கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து கரடுமுரடான பாதையில் ஜீப்பில்தான் செல்ல வேண்டும். பேருந்து எட்டாத மலையூர்களில் அரிசி மூட்டையைக் கொண்டுசேர்ப்பதும், பேறுகாலப் பெண்ணை மருத்துவமனைக்கு அழைத்து வருவதும் இவ்வூர்தியே. இவற்றுள் பல, இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன் உருவானவை. புதிய ஊர்தி வாங்கும் வசதி எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. எனவே பழையதைச் சீர்செய்து ஓட்டுவது அவர்களுக்குப் பொழுதுபோக்கன்று, பிழைப்பு.

பிறப்பும் பயணமும்

இரண்டாம் உலகப்போரின்போது, எத்தகைய நிலத்திலும் செல்லக்கூடிய சிறிய ஊர்தி ஒன்று அமெரிக்கப் படைக்குத் தேவைப்பட்டது. 1940ஆம் ஆண்டு சூலைத் திங்களில் 135 நிறுவனங்களிடம் அப்படை வடிவமைப்பைக் கோரியது. முதல் மாதிரியை 49 நாள்களுக்குள் தர வேண்டும் என்பது கட்டளை. பான்டம் என்னும் சிறிய நிறுவனம் அதனை நிறைவேற்றியது. பின்னர் வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் போர்க்காலத்தில் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளை உருவாக்கின. 1940களின் இறுதியில் மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பின் பாகங்களைப் பம்பாயில் ஒருங்கிணைக்கத் தொடங்கியது. பிற்காலத்தில் பெட்ரோல் எஞ்சினுக்கு மாற்றாக டீசல் எஞ்சின் பொருத்தப்பட்ட எம்எம் 540, கமாண்டர் முதலிய வகைகள் தமிழக மலைச்சாலைகளில் நிலைபெற்றன.

இவ்வூர்திகள் நெடுங்காலம் உழைப்பதற்கு அவற்றின் எளிமையே காரணம். ஏணி போன்ற இரும்புச் சேஸிஸ், அதன்மேல் தனியே பொருத்தப்பட்ட உடற்பகுதி, பட்டறைகளில் ‘கமான்’ என்று வழங்கும் வில்பட்டைகள் என ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே கழற்றிப் பழுதுநீக்கலாம். ஓட்டுநரின் அருகே கியர்த் தண்டுடன் கூடுதலாக உள்ள தண்டு, எஞ்சினின் ஆற்றலை முன்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டியை இயக்குகிறது. தாழ்நிலையில் அது சக்கரத்தின் திருப்பு விசையை ஏறத்தாழ இரண்டு முதல் இரண்டரை மடங்காக உயர்த்துகிறது. வேகம் அதே அளவில் குறைகிறது. ஏறத்தாழ அறுபது குதிரைத்திறன் மட்டுமே கொண்ட ஊர்தி செங்குத்தான பாறைப்பாதையில் ஏறுவது இதனால்தான்.

நாள்தோறும் ஓட்டுவோர் இங்கு ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். வளைவில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தொலைவு உருள்கின்றன. மண்ணிலும் சேற்றிலும் சக்கரம் சற்று வழுக்கி அவ்வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளும். உலர்ந்த தார்ச்சாலையில் வழுக்க இயலாததால், பழைய ஜீப்புகளில் நான்கு சக்கர இயக்கத்தை அங்கே பயன்படுத்தினால் தண்டுகளும் பற்சக்கரங்களும் முறுக்குண்டு தேயும்.

இறக்கம் வைக்கும் தேர்வு

பழைய ஜீப்பை வாங்கியவுடன் பெரிய டயர், கூடுதல் விளக்கு, உயர்த்திய உடல் ஆகியவற்றையே பலர் முதலில் நாடுகின்றனர். செய்யவேண்டிய வரிசை வேறு. ஊர்தி முதலில் நிற்க வேண்டும். அடுத்துச் சொன்னபடி திரும்ப வேண்டும். பிறகு வழி தெரிய வேண்டும். இழுக்கும் வலிமையைக் கூட்டுவது இவற்றுக்குப் பின்னரே.

இதன் காரணத்தை ஓர் எளிய கணக்கு விளக்கும். ஆள்களுடன் 2,000 கிலோகிராம் நிறையுள்ள ஜீப் ஒன்று, 1,000 மீட்டர் உயரத்திலிருந்து கீழே இறங்குவதாகக் கொள்வோம். நிலையாற்றல் என்பது நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் ஆகியவற்றின் பெருக்கம். 2,000 × 9.8 × 1,000 எனப் பெருக்கினால் 1 கோடியே 96 இலட்சம் ஜூல் கிடைக்கும். அடிவாரத்தில் ஊர்தி நிற்கும்போது இவ்வாற்றல் முழுவதும் வெப்பமாக மாறியிருக்கும். 30 பாகை வெப்பநிலையிலுள்ள 60 லிட்டருக்கும் மேற்பட்ட நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அவ்வெப்பம் போதும். தாழ்ந்த கியரில் இறங்கினால் எஞ்சினே அதன் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்ளும். நியூட்ரலில் உருண்டால் அத்தனை வெப்பமும் பெரும்பாலும் பிரேக்குகளின்மேல் விழும்.

பழைய ஜீப்புகளில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகளே இருக்கும். உருளைக்குள் அடைபட்ட வெப்பம் எளிதில் வெளியேறாது. சூடேறச் சூடேற உராய்வு குறைந்து, மிதித்தாலும் பிடிப்பு தளர்ந்துவிடும். பிரேக் ஆயிலும் இங்கே கவனத்துக்குரியது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 என்னும் வகையின் கொதிநிலை புதியதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியசு. ஈரம் ஏறியபின் அவ்வரம்பு 140 பாகையாகத் தாழ்கிறது. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழிகள் தோன்றும். ஆவி அமுங்கக்கூடியது, ஆகையால் மிதி தரைவரை சென்றும் ஊர்தி நிற்காது. சில நூறு ரூபாய் செலவில் இரண்டாண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுவது, பல்லாயிரம் ரூபாய் அணிகலன்களைவிட ஓர் உயிருக்குப் பெரிய காவல்.

மேம்பாடு என்று செய்யத்தக்கவற்றுள் முதன்மையானதும் பிரேக்கைச் சார்ந்ததே. மிகப் பழைய ஜீப்புகளில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே ஆயில் வழிதான் உண்டு. ஓரிடத்தில் குழாய் வெடித்தால் நான்கும் செயலிழக்கும். முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் வழியைத் தனித்தனியாகப் பிரிக்கும் இரட்டை மாஸ்டர் சிலிண்டர் பொருத்தினால், ஒன்று பழுதானாலும் மற்றொன்று கைகொடுக்கும். முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் பொருத்துவோரும் உளர். அதற்குக் கூடுதல் அழுத்தம் தேவை என்பதால், பொருத்தமான அளவுள்ள மாஸ்டர் சிலிண்டரும் வெற்றிட விசையால் இயங்கும் பூஸ்டரும் உடன் வேண்டும். டீசல் எஞ்சினில் போதிய வெற்றிடம் இயல்பாக உருவாகாது. அதற்கெனத் தனிப் பம்பு ஒன்றும் தேவைப்படும். ஒரு மாற்றம் மற்றொரு மாற்றத்தைக் கோருகிறது என்பதற்கு இது தக்க சான்று.

திரும்புதலும் டயரும்

ஸ்டீரிங்கைத் திருப்பும்போது சக்கரம் உடனே திரும்பாமல் சிறிது ‘ஆட்டம்’ காட்டுவது பழைய ஜீப்புகளில் இயல்பு. இணைப்புத் தண்டுகளின் முனைகள், சக்கரம் திரும்பும் முளையிலுள்ள பேரிங்குகள், ஸ்டீரிங் பெட்டியின் பற்கள் ஆகிய மூன்றில் எங்கே தேய்வு உள்ளது என்பதை முதலில் கண்டறிய வேண்டும். எஞ்சினை நிறுத்தி ஒருவர் ஸ்டீரிங்கை இருபுறமும் சிறிதே அசைக்க, மற்றொருவர் கீழே ஒவ்வோர் இணைப்பாகத் தொட்டுப் பார்த்தால் தளர்ந்த இடம் புலப்படும். இதைச் செய்யாமல் பவர் ஸ்டீரிங் பொருத்தினால் கைக்கு எளிமை கிடைக்கும். ஆட்டம் அப்படியே இருக்கும்.

டயரின் அளவை மாற்றுவதிலும் கணக்கு உண்டு. 28 அங்குல விட்டமுள்ள டயருக்கு மாற்றாக 31 அங்குல டயர் பொருத்தினால், ஒரு சுற்றில் ஊர்தி செல்லும் தொலைவு ஏறத்தாழ 11 விழுக்காடு கூடும். வேகமானி 50 என்று காட்டும்போது உண்மையான வேகம் 55 கிலோமீட்டராக இருக்கும். சக்கரத்தின் இழுவிசை குறையும்; அதை நிறுத்த பிரேக் கூடுதலாக உழைக்கும். கமான் பட்டைகளை உயர்த்தினாலோ புவியீர்ப்பு மையம் மேலெழுந்து, வளைவில் கவிழும் வாய்ப்பு மிகும். பிரேக்கின் ரப்பர்க் குழாய்கள் நீளம் போதாமல் இழுபடும். மயிற்பீலியே ஆயினும் அளவுகடந்து ஏற்றினால் அச்சு முறியும் என்னும் வள்ளுவர் கருத்து, ஏற்றும் சுமைக்கு மட்டுமன்றி ஊர்தியில் சேர்க்கும் ஒவ்வொரு பொருளுக்கும் பொருந்தும். கூடுதல் ஆள்களை ஏற்றிக்கொண்டு எந்த மேம்பாட்டையும் நம்பி மலையிறங்குதல் ஆகாது.

ஒளியும் எஞ்சினும்

மலையில் மாலைப்பனி இறங்கும் நேரத்தில் விளக்கின் தேவை பெரிது. எனினும் பல்பின் வாட் அளவை உயர்த்துவது ஆபத்தானது. 12 வோல்ட் அமைப்பில் 60 வாட் பல்பு 5 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். 100 வாட் பல்பு எட்டுக்கும் மேல் எடுக்கும். முப்பது ஆண்டுப் பழைய ஒயரும் சுவிட்சும் அதைத் தாங்காமல் சூடேறித் தீப்பற்றக்கூடும். உரிய அளவுள்ள பல்பையே வைத்து, பேட்டரியிலிருந்து தனி ஒயரும் ரிலேவும் ஃபியூசும் அமைத்தால் போதும். மின்னழுத்த இழப்பு குறைந்து, அதே பல்பு முன்னைவிடத் தெளிவாக ஒளிரும்.

எஞ்சினின் உடல்நலத்தைப் புகை காட்டிக்கொடுக்கும். கரும்புகை எழுந்தால் காற்று வடிகட்டி அடைபட்டிருக்கலாம் அல்லது இன்ஜெக்டர் டீசலைச் சரியாகத் தூவாமல் இருக்கலாம். நீலப்புகை, எஞ்சின் ஆயில் எரிவதைக் குறிக்கும். சூடேறிய பின்னும் வெண்புகை நீடித்தால் குளிர்விக்கும் நீர் சிலிண்டருக்குள் கசிகிறதா என ஆராய வேண்டும். வடிகட்டியால் தீரும் குறைக்கு எஞ்சினையே பிரிப்பது வீண்செலவு. சேஸிஸில் படியும் சேற்றை மழைக்காலம் முழுவதும் கழுவிவருவதும் இன்றியமையாதது. ஈரமண் ஒட்டிய இடத்திலேயே துரு தொடங்குகிறது.

சட்டத்தின் எல்லை

தனியார் ஊர்தியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் தகுதி ஆய்வுக்குட்பட்டு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளரின் மூல அமைப்பிலிருந்து வேறுபடும்படி ஊர்தியை மாற்றுவதற்குத் தடை விதிக்கிறது. 2019ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. எஞ்சினை மாற்ற விரும்புவோர் முன்கூட்டியே பதிவு அலுவலரின் ஒப்புதலைப் பெற வேண்டும். முகப்பில் பொருத்தும் இரும்புத் தடுப்புகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்குமாறு 2017ஆம் ஆண்டில் நடுவண் அரசு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. மோதலின் விசையை அவை நேரே சேஸிஸுக்குக் கடத்துகின்றன; நடந்து செல்வோருக்கும் பெருந்தீங்கு விளைவிக்கின்றன.

நிறைவாக

சீரமைப்பில் தேர்ந்தவர்கள் ஊர்திக்கென ஒரு குறிப்பேடு வைத்திருப்பர். எந்த நாளில், எத்தனை கிலோமீட்டரில், எந்த உறுப்பு மாற்றப்பட்டது என்பதை அதில் எழுதுவர். ஒரே உறுப்பு மீண்டும் மீண்டும் பழுதானால், குறை அதனிடம் இல்லை, அதற்கு அண்டையில் உள்ளது என்பதை அக்குறிப்பேடு உணர்த்தும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, சில நாள் ஓட்டிப் பார்த்து, பின்னரே அடுத்ததைத் தொடுவர். இவ்வொழுங்கில் பழகிய ஊர்தி முப்பது ஆண்டு கடந்தும் உழைக்கிறது. அதன் பின்னிருக்கையில் அமர்ந்து வருவோர், எஞ்சினின் குதிரைத்திறனை அறியாமலே, நாள்தோறும் வீடு வந்து சேர்கின்றனர்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள பட்டறை ஒன்றுக்குச் சென்று, ஊர்தி உறுப்புகளுக்கு அங்கு வழங்கும் பெயர்களைத் தொகுத்து, அவற்றுக்குரிய பயன்களை எழுதுக.

2. ‘புதியது வாங்குவதா, பழையதைச் சீர்செய்வதா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.