முகம் நசுங்காமல் படம் ஒடுங்குவது எப்படி?

அகலமான கடற்கரைப் படத்தைச் சதுரமாக்கினால் அதில் நிற்பவர்கள் ஒல்லிக்குச்சிகளாகிவிடுகிறார்கள். ஏன்? மென்பொருள் எல்லாப் பகுதிகளையும் ஒரே விகிதத்தில் நெருக்குகிறது. வானம் எது, முகம் எது என்று அது பார்ப்பதில்லை.

2007இல் ஷாய் அவிடான், ஏரியல் ஷமீர் இருவரும் இதற்கு அழகான வழி ஒன்றைச் சொன்னார்கள். முதலில், ஒவ்வொரு பிக்சலும் பக்கத்துப் பிக்சல்களிலிருந்து எவ்வளவு மாறுபடுகிறது என்று கணக்கிட வேண்டும். வானத்தில் மாறுபாடு குறைவு; கண், மூக்கு ஓரங்களில் அதிகம். பிறகு மேலிருந்து கீழாக, வரிசைக்கு ஒரு பிக்சல் வீதம், மொத்த மாறுபாடு மிகக் குறைந்த வளைகோட்டைக் கண்டுபிடித்து நீக்க வேண்டும். 600 பிக்சல் அகலத்தை 500 ஆக்க, இதையே 100 முறை செய்ய வேண்டும்.

வரிசைதோறும் மாறுபாடு மிகக் குறைந்த பிக்சலைத் தனித்தனியே எடுத்தால் என்ன? வரிசைகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் படம் சிதறிவிடும். அதனால் கோடு அறுபடக் கூடாது. அடுத்த வரிசையில் நேர் கீழேயோ, ஒரு பிக்சல் இடமோ வலமோ மட்டுமே நகரலாம். இந்த ஒரு நிபந்தனையில்தான் முறையின் மேதைமை இருக்கிறது என்பேன்.

அகலமாக்கவும் அதே கோடுகள்தான். நீக்குவதற்குப் பதில், பக்கத்தில் சராசரி நிறத்தில் புதிய பிக்சல்கள் சேரும்.

நெருக்கமான கூட்டப் படத்தில் இது தடுமாறும். வெற்றிடமே இல்லாவிட்டால் கோடு யார் முகத்தின் வழியாகவாவது போயாக வேண்டும். வழுவழுப்பான கன்னமும் அதன் கணக்கில் வானம் போலத்தான். அங்கே தொடாதே என்று நாம்தான் தூரிகையால் குறித்துக் கொடுக்க வேண்டும்.