துணிக் காலணி: வடிவம் வரைதலும் தைத்தலும்

தறியிலிருந்து அறுத்த பாவின் முனைத்துண்டும், குறை கண்டு ஒதுக்கிய துணியும், தையலில் விழுந்த வெட்டுத் துண்டுகளும் நெசவாளர் இல்லங்களில் மூலையில் கிடப்பதை நாம் அறிவோம். அவற்றை எடைக்குப் போட்டால் நூலின் விலைகூடத் திரும்புவதில்லை. அத்துண்டுகளைக் கொண்டே உறுதியான காலணி தைக்கலாம் என்பதை அங்கத்தினர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதற்கு நல்ல முன்மாதிரி சீன தேசத்தில் உண்டு. அந்நாட்டுக் கிராமப் பெண்கள் பழந்துணிகளை மாவுப் பசையிட்டுப் பலகைமீது ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, வெயிலில் உலர்த்தி, அட்டைபோல் ஆக்குவர். அவ்வட்டைகளை அடுக்கிச் சணல் நூலால் நெருங்கத் தைத்தால் அடிப்பாகம் கிடைக்கும். 'ஆயிரம் அடுக்கு அடி' என்பது அதன் பெயர். பெய்ஜிங் நகரில் 1853-இல் தொடங்கிய நெய்லியன்ஷெங் என்னும் கடை இதற்குப் புகழ்பெற்றது. 2008-இல் சீன அரசு இக்கைத்தொழிலைத் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

அளவெடுத்தல்

மாலை வேளையில் அளவெடுப்பது நலம். பகல் முழுதும் உழைத்த கால் அப்போது சற்றே வீங்கியிருக்கும். தரையில் தாளை விரித்து, முழு எடையும் ஊன்றி நின்று, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றி வரைய வேண்டும். இரு கால்களையும் வரைந்து பெரியதையே கொள்க. நீண்ட விரலுக்கு முன்னால் 1 செ.மீ. இடம் விடுக. விரல்களின் ஏற்றத்தாழ்வைப் பின்பற்றாது கோட்டைச் சீராக்கிக்கொள்க.

மேல்துணியின் வடிவம்

காலில் மெல்லிய பாலிதீன் உறையை மாட்டி, அதன்மேல் ஒட்டும் காகித நாடாவை இடைவெளியின்றி ஒட்டுக. வாயின் விளிம்பு, குதிகாலின் நடுக்கோடு, தரையைத் தொடும் விளிம்பு ஆகியவற்றை அதன்மேல் வரைந்து, குதிகாலில் வெட்டிக் கழற்றுக. அதைத் தட்டையாக விரிக்கும்போது முனைப்பக்கம் மேடிட்டு நிற்கும். விளிம்பில் சிறு வெட்டுகள் இட்டால் படியும். வெட்டுகள் விரிந்த இடைவெளியையும் சேர்த்தே தடித்த தாளில் வரைய வேண்டும். அந்த மிகுதியே தைக்கும்போது சுருங்கி முனைக்கு உருட்சி தருவது. கீழ் விளிம்பிலும் குதிகாலிலும் தையலுக்கு 1 செ.மீ. கூட்டுக. மறுகாலுக்கு வடிவத்தாளைப் புரட்டி வைத்து வெட்டாவிடில் இரண்டும் ஒரே காலுக்கு ஆகிவிடும்.

துணியை முன்னிரவே நீரில் ஊறவைத்து உலர்த்தி, சுருங்குவதைச் சுருங்கவிட்டு, பிறகே வெட்டுக. பாவு நூல் குதிகாலிலிருந்து விரல் நோக்கி ஓட வேண்டும். நாம் முதன்முதல் தைத்த ஜோடியில், துண்டு போதவில்லை என்று மேல்துணியைக் கோணலாக வெட்டினோம். ஒரே வாரத்தில் துணி நெகிழ்ந்து குதிகால் நழுவலாயிற்று. கோணல் இழுப்பைப் பாவும் தாங்காது, ஊடையும் தாங்காது என்பது நெய்பவர் அறியாததன்று. கத்தரியை எடுத்ததும் மறந்துவிட்டோம். ஆனால் வாய் விளிம்புக்கு இடும் பட்டையைக் கோணலாகவே வெட்ட வேண்டும். அதுவே வளைவில் மடிப்பின்றித் திரும்பும்.

அடிப்பாகம்

பசைக்கு மரவள்ளி மாவோ மைதாவோ போதும். புத்தகம் கட்டுவோர் செய்வதுபோல் சிறிது மயில்துத்தம் கலந்தால் பூச்சி அரிக்காது. அது நஞ்சாதலால் குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க. நான்கு துணி ஒட்டிய அட்டைகளை நன்கு காயவிட்டு, பாத வடிவில் வெட்டி, 1 செ.மீ. கனம் வரும்வரை அடுக்குக. குத்தூசியால் துளையிட்டு, தேன்மெழுகு தடவிய நூலால் முதலில் ஓரத்தையும் பின்னர் உட்புறத்தை வரிசை வரிசையாகவும் தைக்க. பசுந்தாளுரத்துக்குச் சணப்பு விதைக்கும் உழவர்கள் சில செடிகளை முற்றவிட்டு, தண்டை நீரில் ஊறப்போட்டு உரித்தால் இந்நூலுக்கு நார் கிடைக்கும்.

இணைத்தல்

மேல்துணியிலும் அடியிலும் முனை நடுவையும் குதி நடுவையும் குறித்து, அவ்விரண்டையும் முதலில் ஊசியால் நிறுத்துக. அடுத்துப் பக்கங்களை நிறுத்தி, எஞ்சும் சுருக்கத்தை முனையில் சமமாகப் பங்கிட்டு, இரட்டை நூலால் பின்தையல் இடுக. முடிந்ததும் சற்றே ஈரமாக்கி, உள்ளே கந்தல் அடைத்து உலரவிட்டால் வடிவம் நிற்கும்.

இக்காலணி நீருக்கு ஆகாது. சேற்று வயலுக்கும் சாயப் பட்டறைக்கும் ஏற்றதன்று. வெளியே அணிவதாயின் அடியில் மெல்லிய ரப்பர்த் தகடு ஒட்டுதல் அவசியம்.

இறுதியாகக் கணக்கு. துணி கழிவுதானே என்றும், தைப்பவர் வீட்டுப் பெண்தானே என்றும் விலையைக் குறைத்தால், குறைவது அவருடைய கூலியே. அடியைத் தைக்கச் செல்லும் பொழுதையும் எழுதி வைத்துக் கூட்டிய விலையே நேரான விலை. விற்பனை நோக்கமிருப்பின் ஒருவர் வரைந்த நல்ல வடிவத்தைச் சங்கத்தில் வைத்து, ஆங்கில அளவு முறைப்படி ஒவ்வோர் எண்ணுக்கும் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு நீளம் கூட்டி, எல்லோரும் அதையே பின்பற்றுவது நலம். எந்த வீட்டில் தைத்தாலும் ஏழாம் எண் ஏழாம் எண்ணாகவே இருந்தால்தான் வாங்குவோர் மீண்டும் வருவர். அதுவரை முதல் ஜோடியை நம் வீட்டுக் கால்களுக்கே தைத்துப் பழகுவோமாக.